மண் தாங்குமா? – மக்கள் பெருக்கமும் விளைநிலமும்

(யூபிலி விழாக் கருத்தரங்கில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் நம் நினைவுக்கு வருவது தோரணமும் தேர்ப்பவனியும் விழா மலரும் விருந்துமே. ஆனால் லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்ப்போமானால், யூபிலி என்பது முதன்முதலில் நிலத்தைப் பற்றிய சட்டமாகவே தோன்றியது என்பது விளங்கும். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு தரவேண்டும். ஐம்பதாம் ஆண்டில், வறுமையால் விற்கப்பட்ட நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பவேண்டும். நிலம் களைத்துப் போகும், நிலத்தை இழந்தவனும் களைத்துப் போவான் என்பதை அந்தப் பழங்கால மக்கள் அறிந்திருந்தார்கள். ஆகவே, நம் இளைஞர் மன்றத்தார் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு யூபிலிக்குப் புறம்பானது அல்ல.

அவர்கள் கேட்கும் கேள்வி இது: மக்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள், நிலமோ பெருகுவதில்லை. இந்தப் பூமி எல்லாருக்கும் சோறு போடுமா?

இக்கேள்வியை உலகறியக் கேட்டவர் ஒரு குருவானவர். இங்கிலாந்து நாட்டு ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த தாமஸ் மால்தூஸ் என்பவர் 1798-இல் ஒரு நூல் எழுதினார். மக்கள்தொகை இரண்டு, நான்கு, எட்டு என்று பெருகும். உணவோ ஒன்று, இரண்டு, மூன்று என்றே கூடும். எனவே ஒரு நாள் பஞ்சமும் நோயும் வந்து மிகுதியான மக்களைக் குறைத்துவிடும் என்பது அவர் வாதம். அன்று உலகின் மக்கள்தொகை ஏறத்தாழ 100 கோடி. 2022 நவம்பரில் அது 800 கோடியைத் தாண்டிவிட்டது என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. எட்டு மடங்கு! ஆனாலும் பூமி நம்மைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியானால் மால்தூஸ் முழுக்கத் தவறு என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். நம் சேலத்துக் கதையையே எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876-இல் மழை பொய்த்தது. தொடர்ந்து 1878 வரை சென்னை மாகாணம் முழுவதும் பட்டினி. அதில் மிகக் கொடுமையாக அடிபட்ட ஜில்லாக்களில் நம் சேலம் ஒன்று. 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம். பத்தாண்டு கழித்து 1881-இல் எண்ணியபோது அது 16 லட்சமாகக் குறைந்திருந்தது. செத்தவர்கள், ஊரை விட்டு ஓடியவர்கள், பிறக்காமலே போன குழந்தைகள் என்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மக்களைக் காணவில்லை.

மால்தூஸ் சொன்னது பலித்துவிட்டது என்று அன்று எண்ணியவர்கள் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. இரயில் பாதை போட்ட ஊர்களுக்குத் தானியம் வந்து இறங்கியது. ஆனால் கையில் காசில்லாதவன் அதைக் கண்ணால்தான் பார்க்க முடிந்தது. நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி 1877-இல் நிர்ணயித்தார். ஒரு இராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. கல் உடைத்து மண் சுமக்கும் ஒருவன் அதை வைத்து உயிர் பிழைக்க முடியாது என்று சென்னை மாகாண சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் வாதாடினார். மழை பொய்த்தது இயற்கையின் செயல். மற்றவை எல்லாம் மனிதரின் செயல்.

இப்போது கணக்கின் மறுபக்கத்தைப் பாருங்கள். அன்றைய சேலம் ஜில்லா இன்றைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களையும் திருப்பத்தூர்ப் பகுதியையும் உள்ளடக்கியது. முதலில் சொன்ன நான்கு மாவட்டங்களில் மட்டும் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 85 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் இருந்தார்கள். 1881-ஐவிட ஐந்து மடங்குக்கு மேல். அதே மண், அதே வானம், அதே சேர்வராயன் மலை, அதே கொல்லிமலை. அன்று 20 லட்சம் பேருக்குச் சோறு போட முடியாத பூமி இன்று இத்தனை பேரைத் தாங்குவது எப்படி?

இந்தியா முழுவதற்குமான கணக்கையும் சொல்கிறேன்; இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள். 1951-இல் நம் நாட்டு மக்கள் 36 கோடி. உழுது விதைத்த நிலம் சுமார் 12 கோடி ஹெக்டேர். ஆளுக்குப் பங்கிட்டால் 80 சென்ட் வரும். இன்று மக்கள் 140 கோடிக்கு மேல். விதைக்கும் நிலமோ 1970 வாக்கில் 14 கோடி ஹெக்டேரை எட்டி, ஏறக்குறைய அங்கேயே நின்றுவிட்டது. இப்போது ஆளுக்குக் கிடைப்பது 24 சென்ட். ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 2,400 சதுர அடி மனைகளாக எண்ணினால் நான்கு மனைக்குச் சற்றே கூடுதல். அந்த நான்கு மனையில் ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கு வேண்டிய அரிசி, கோதுமை, பருப்பு, எண்ணெய், காய்கறி, சர்க்கரை, உடுக்கும் துணிக்குப் பஞ்சு எல்லாம் விளையவேண்டும்!

விளைகிறதா? விளைகிறது. 1950-51-இல் இந்தியாவின் உணவு தானிய விளைச்சல் சுமார் 5 கோடி டன். 2023-24-இல் அது 33 கோடி டன்னைத் தொட்டது. மக்கள் நான்கு மடங்கு பெருகியபோது தானியம் ஆறு மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது. நிலம் வளரவில்லை, நிலத்தின் விளைச்சல் வளர்ந்தது. அன்று ஒரு ஹெக்டேரில் சராசரியாக 520 கிலோ தானியம். இன்று 2,400 கிலோவுக்கு மேல்.

இது தானாக வந்துவிடவில்லை. 1965-66, 1966-67 ஆகிய இரு ஆண்டுகளும் மழை ஏமாற்றியபோது, 1966-இல் மட்டும் நாம் சுமார் ஒரு கோடி டன் தானியத்தை வெளிநாட்டிலிருந்து இறக்கினோம். அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. இந்தியா கைகழுவப்பட வேண்டிய நாடு என்று மேல்நாட்டில் நூல்களே எழுதினார்கள். பால் எர்லிக் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், 1970-களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் மடிவது உறுதி என்று 1968-இல் எழுதினார். அந்த வேளையில்தான் நம் கொங்கு மண்ணின் மைந்தர் சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்து துணிந்து முடிவெடுத்தார். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் விஞ்ஞானிகளுக்குத் தலைமை தாங்கினார். நார்மன் போர்லாக்கின் குட்டைக் கோதுமை வந்தது, பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர்.8 நெல் வந்தது. நம் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி.27 வந்தது. கதிர் கனத்தால் சாய்ந்துவிடாத குட்டைப் பயிர், தழைச்சத்து உரம், உறுதியான தண்ணீர் என்னும் மூன்றும் சேர்ந்தே விளைச்சலைப் பெருக்கின.

அன்பர்களே, விலை கொடுக்காமல் வாங்கியதா இந்த விளைச்சல்? இல்லை. மூன்று விலைகளை நாம் கொடுத்திருக்கிறோம். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

முதலாவது தண்ணீர். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 93 டி.எம்.சி.க்குமேல் கொள்ளும் அந்த நீரில் பெரும்பகுதி தஞ்சைத் தரணிக்குப் போகிறது. கிழக்குக் கரை, மேற்குக் கரை வாய்க்கால்களால் சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் பாய்வது 45,000 ஏக்கர்தான். மற்ற இடங்களில் நம் குடியானவர் நம்பியிருப்பது கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையுமே. அப்பன் கவலை ஏற்றி இறைத்த கிணற்றில் மகன் மோட்டார் வைத்தான்; பேரன் ஆயிரம் அடிக்குத் துளை போடுகிறான். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் பல பிர்க்காக்களில் ஆண்டுதோறும் மழை உள்ளே விடும் நீரைவிட நாம் வெளியே எடுக்கும் நீர் அதிகம் என்று அரசுக் கணக்கே சொல்லுகிறது. இது சம்பளத்தில் வாழ்வது அல்ல. சேமிப்பைத் தின்று வாழ்வது.

இரண்டாவது உரம். காற்றில் நிறைந்திருக்கும் நைட்ரஜனைப் பயிர் நேரே எடுத்துக்கொள்ள முடியாது. ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஹாபர் 1909-இல் அதை அம்மோனியாவாக மாற்றிக் காட்டினார். கார்ல் போஷ் 1913-இல் அதைத் தொழிற்சாலையில் செய்து காட்டினார். இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு இந்த ஒரே கண்டுபிடிப்பை நம்பியிருக்கிறது. நம் யூரியா மூட்டை அதன் பிள்ளைதான். ஆனால் அதைச் செய்ய இயற்கை எரிவாயு வேண்டும். எங்கோ போர் மூண்டு எரிவாயு விலை ஏறினால் ஆத்தூரில் உர விலையைப் பற்றிய கவலை ஏறுகிறது. சாணமும் தழையும் காணாமல் யூரியாவை மட்டும் கண்ட மண் வலுவிழந்தும் போகிறது.

மூன்றாவது, ஒரே பயிரை நம்பும் அபாயம். இதற்கு நம் மரவள்ளிக் கிழங்கைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் கப்பல் நின்று, மலேயாப் பக்கத்து ஜவ்வரிசி வராமல் போனபோது, சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் பிறந்தது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு நிறுவனம் வந்தது. ஆத்தூர், இராசிபுரம், கொல்லிமலை எங்கும் கிழங்குக் காடு ஆயிற்று. கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைந்த இடங்களைக் கூடக் கிழங்கு பிடித்துக்கொண்டது. அந்தச் சிறுதானிய விதைகள் அழியாமல் காக்க, சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைவாழ் மக்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் பாடுபட வேண்டியிருந்தது.

இந்நிலையில் 2020-இல் மரவள்ளியைத் தாக்கும் ஒருவகை மாவுப்பூச்சி முதலில் கேரளத்திலும் பிறகு நம் மாவட்டங்களிலும் தோன்றியது. குருத்து சுருண்டு செடி குட்டையாகிப் போயிற்று. கடன் வாங்கிக் கிழங்கு நட்ட குடும்பங்கள் பட்ட பாட்டை உங்களில் சிலர் நேரில் அறிவீர்கள். எத்தனை மருந்து அடித்தாலும் பூச்சி குருத்துக்குள் ஒளிந்துகொண்டது.

இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவிலும் புகுந்தது. அங்கே மரவள்ளி ஜவ்வரிசிக்கு அல்ல, கோடிக்கணக்கான ஏழைகளின் அன்றாடச் சோற்றுக்கு. ஹான்ஸ் ஹெரன் என்னும் ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் அந்தப் பூச்சியின் பிறந்த நாடான தென்னமெரிக்காவில் தேடினார்கள். 1981-இல் பராகுவே நாட்டில் அந்தப் பூச்சியும், அதன் உடலிலேயே முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒரு சின்னஞ்சிறு குளவியும் கிடைத்தன. அந்தக் குளவியை ஆப்பிரிக்கா எங்கும் பரப்பினார்கள்; பயிர் பிழைத்தது. ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியைத்தான் நம் நாட்டு விஞ்ஞானிகள் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, சோதித்து, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விட்டார்கள். பராகுவேயில் கண்டது ஆப்பிரிக்காவைக் காத்தது. ஆப்பிரிக்கா காத்து வைத்தது சேலத்துக்கு உதவியது. எறும்பினும் சிறிய ஒரு குளவி, மூன்று கண்டத்து ஏழைகளை உறவினராக்கிவிட்டது. அறிவைப் பூட்டி வைக்காமல் பகிர்ந்துகொண்டால் பூமி தாங்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்படியானால் இன்று பசி இல்லையா? இருக்கிறது. 2024-இல் உலகில் சுமார் 67 கோடிப் பேர் பசியோடு இருந்ததாக ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகள் மதிப்பிட்டிருக்கின்றன. தானியம் இல்லாமையால் அல்ல. உலகில் விளையும் தானியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கால்நடைக்கும் கோழிக்கும் தீவனமாகிறது. நம் நாமக்கல் கோழிப் பண்ணைகள் நாள்தோறும் பல கோடி முட்டை தருகின்றன. பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவுத் தட்டுக்கு அவை போவது மெச்சத்தக்கது. ஆனால் அந்தக் கோழி தின்னும் மக்காச்சோளமும் சோயாவும் ஏதோ ஒரு நிலத்தில், பெரும்பாலும் வேற்று மாநிலத்து நிலத்தில், விளைந்தாக வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

அதோடு, 2022-இல் மட்டும் வீடுகளிலும் உணவு விடுதிகளிலும் கடைகளிலுமாக 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்பது மற்றொரு கணக்கு. மக்களுக்கு வந்து சேர்ந்த உணவில் ஐந்தில் ஒரு பங்கு! நம் திருமண மண்டபங்களில் பந்தி முடிந்தபின் இலையோடு சுருட்டி எறியப்படுவதை எண்ணிப் பாருங்கள். ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த நம் ஆண்டவர், அனைவரும் வயிறார உண்டபின்பும் மீந்த துண்டுகளைக் கூடைகளில் சேர்க்கச் சொன்னார். அளவின்றித் தரக்கூடியவரே துண்டுகளைச் சேர்க்கச் சொன்னார் என்றால், அளந்து வாங்கும் நாம் எப்படி நடக்கவேண்டும்?

வங்காளப் பஞ்சத்தைச் சிறுவனாகக் கண்டவர் அமர்த்தியா சென். பஞ்சம் வருவது உணவு இல்லாததால் மட்டும் அல்ல, உணவை வாங்கும் வலுவை மக்கள் இழப்பதால்தான் என்று அவர் 1981-இல் நூலெழுதி நிலைநாட்டினார். தாது வருஷத்துச் சேலம் அதற்குச் சாட்சி. அதன் மறுபக்கத்துக்கும் தமிழ்நாடே சாட்சி. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, ரேஷன் கடை, 2011 முதல் விலையில்லா அரிசி என்று கட்சி எதுவானாலும் ஒவ்வோர் ஆட்சியும் இந்தக் கடமையை ஏற்றுக்கொண்டது. அதனால்தான் இன்று மழை பொய்த்தாலும் சேலத்தில் சாவு விழுவதில்லை.

சரி, மக்கள்தொகை இப்படியே ஏறிக்கொண்டே போகுமா? போகாது. 2080-களில் சுமார் 1,030 கோடியை எட்டி, பிறகு மெல்லக் குறையும் என்பது 2024-இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட கணிப்பு. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே என்று 2019-21 குடும்பநல ஆய்வு கூறுகிறது. மக்கள்தொகை நிலையாக இருக்க 2.1 வேண்டும். ஆகவே ஏழை வீட்டில் குழந்தை அழும் சத்தம் கேட்டு, "இதுகளால்தான் நாட்டுக்குச் சோறில்லை" என்று முகம் சுளிப்பதை இனியாவது விட்டுவிடுங்கள். அந்தக் குழந்தை உண்பது கைப்பிடிச் சோறு. செல்வ நாட்டில் ஒருவர் செலவழிக்கும் நிலமும் நீரும் எரிபொருளும் அதைவிடப் பல மடங்கு.

என் விடையை இனிச் சொல்லிவிடுகிறேன். பூமி தாங்கும். ஆனால் சும்மா தாங்காது. மூன்று நிபந்தனைகளோடு தாங்கும். நீரையும் மண்ணையும் காக்கவேண்டும். விளைந்ததைப் பங்கிட்டு உண்ணவேண்டும். மூன்றாவதாக, உழுவதற்கு ஆள் இருக்கவேண்டும். இந்த மூன்றாவதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. நம் பங்கில் பொறியாளர் உண்டு, செவிலியர் உண்டு, வங்கியில் பணிபுரிவோர் உண்டு. கையில் மண் ஒட்டிய இளைஞர் எத்தனை பேர்? வாய்கள் மிகுந்துவிடுமோ என்று மால்தூஸ் அஞ்சினார். கைகள் குறைந்துவிடுமோ என்று நான் அஞ்சுகிறேன். விவசாயியின் மகனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் சமுதாயம், பூமி தாங்குமா என்று கேட்கத் தகுதி உடையதா?

வெறும் பேச்சோடு நிற்காமல் நாம் செய்யக்கூடியவற்றைக் கூறுகிறேன்.

ஒன்று. உங்களில் பலருக்கு ஓமலூரிலோ, வாழப்பாடியிலோ, இராசிபுரத்திலோ பூர்வீக நிலம் இருக்கிறது. மனையாக விற்றால் நல்ல விலை வரும் என்று தரகர் வந்து நிற்பார். மகள் திருமணம், மருத்துவச் செலவு என்று நெருக்கடி வந்து விற்பவரை நான் குறை சொல்லமாட்டேன். நெருக்கடி இல்லாதவர்கள், ஒருமுறை சிமெண்டு பூசிய மண் திரும்ப வயலாவதில்லை என்பதை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள். விற்பதைவிட, அண்டையில் உழைக்கும் ஏழைக் குடியானவருக்கு நியாயமான குத்தகைக்கு விடுங்கள்.

இரண்டு. வீட்டுக் கூரையில் விழும் மழைநீரைச் சாக்கடைக்கு விடாமல் நிலத்துக்குள் விடுங்கள். 2003 முதல் இது கட்டாயம். அடைத்துப் போன குழிகளை இம்மாதமே திறந்து சுத்தம் செய்யுங்கள்.

மூன்று. வாரத்தில் சில வேளையாவது கம்பு, கேழ்வரகு, சாமை உங்கள் அடுப்பில் ஏறட்டும். மானாவாரி நிலத்தில் குறைந்த நீரில் விளைபவை இவை. நீங்கள் வாங்கினால்தான் குடியானவர் விதைப்பார்.

நான்கு. நம் பங்கில் இனி நடக்கும் எந்த விருந்திலும், யூபிலி விருந்து உட்பட, மீந்த உணவு அன்றே பசித்தவரைச் சென்று சேரவேண்டும். இதை வின்சென்ட் தே பவுல் சபையார் பொறுப்பேற்று நடத்தக் கேட்டுக்கொள்கிறேன்.

நாள்தோறும் நாம் சொல்லும் ஜெபத்தில் உணவு கேட்கும்போது "எனக்கு" என்று கேட்பதில்லை. "எங்களுக்கு" என்றே கேட்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் 800 கோடிப் பேரும் இருக்கிறார்கள். இனிப் பிறக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உரிய நிலத்தையும் நீரையும் நாம் இன்று குத்தகைக்கு வைத்திருக்கிறோம். குத்தகை முடியும் நாளில் கணக்கு ஒப்படைக்க வேண்டும்.

உழுகின்ற கைகளுக்கும் உண்ணுகின்ற குழந்தைகளுக்கும் இறையாசீர் நிறைக என வாழ்த்தி, அமைகிறேன்.